நான் தட்டிவிட்ட தேத்தண்ணி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், இல்லையென்று நானும் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் தாதியர் படிப்பின் இரண்டாம் வருடத்தை முடித்து லீவுக்கு இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது அந்த வாய் இன்னும் ஒரு முழம் வளர்ந்திருந்தது. தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனவர்கள் உண்டு. படிக்கப் போனது நான்தான் முதல். அதனால் வந்த மறுநாளே என் பெயர் டாக்டரம்மா ஆகிவிட்டது. "நர்சுக்குத்தான் படிக்கிறேன், அதுவும் இன்னும் முடியலை" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே!

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது. கையோடு பிரஷர் பார்க்கும் மெசின் ஒன்று கொண்டு வந்திருந்தேன். கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் சாயந்தரம் எங்கள் ஒற்றையறைக் காம்பரா வாசலில் வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டினார்கள். நான் ஒவ்வொருவராக அதட்டினேன். உப்பைக் குறைங்க, வெற்றிலையை விடுங்க, பேசாம இருங்க, மெசின் ஓடுது.

கடைசி காம்பரா அத்தைக்கு நூற்றெண்பதைத் தாண்டியது. சொந்த அத்தை இல்லை. அம்மா மலைக்குக் கொழுந்து எடுக்கப் போன நாட்களில் எனக்குச் சோறூட்டியவர், அந்த முறையில் அத்தை.

"மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"தீந்து போச்சும்மா. கிளினிக்கு அடுத்த வாரந்தானே."

"அந்தக் கதையெல்லாம் வேணாம். நாளைக்குக் காலையில கட்டாயம் போடணும். இல்லன்னா ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுப் படுத்துருவீங்க."

"சரிம்மா, போட்டுர்றேன்" என்றார். தீர்ந்துபோன மாத்திரையை எங்கிருந்து போடுவார் என்று நான் கேட்கவில்லை. அங்கே வார்டில் ஒரு நோயாளிக்கு மாத்திரை கொடுக்கும் முன் பெயர் கேட்பேன், பிறந்த தேதி கேட்பேன், கையில் கட்டிய பட்டியைப் பார்ப்பேன், பத்து நிமிடத்துக்கு முன் பேசிக்கொண்டிருந்தவராகவே இருந்தாலும் மறுபடி கேட்பேன். இங்கே எதுவுமே கேட்கவில்லை. அத்தையை எனக்குத் தெரியாதா என்ன என்ற நினைப்பு.

மறுநாள் காலை ஒன்பதரை இருக்கும். கொழுந்து மலையிலிருந்து ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள். "அத்தை விழுந்துட்டாங்க, ஒடனே வா."

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாதையில் அத்தையைக் கிடத்தியிருந்தார்கள். கூடை ஒரு பக்கம் கவிழ்ந்து கிடந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. வாய் ஏதோ குழறியது. கை நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்வை. ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. என் மண்டைக்குள் அந்த நூற்றெண்பது மட்டும்தான் நின்றது. பக்கவாதம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்போது பக்கத்துக் காம்பரா அக்கா, அத்தையோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவர், போத்தல் மூடியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அதில் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கியிருந்தார். "கொஞ்சம் குடிக்கட்டும், தலையத் தூக்கு" என்று அத்தையின் வாயருகே கொண்டுபோனார்.

"அறிவிருக்கா உங்களுக்கு? தொண்டையில அடைச்சுச் சாகடிக்கப் போறீங்களா?" என்று கத்திக்கொண்டே அவர் கையைத் தட்டிவிட்டேன். தேத்தண்ணி மண்ணில் கொட்டியது. "யாரும் வாயில எதுவும் வைக்கக் கூடாது! தள்ளுங்க எல்லாரும்!"

எல்லோரும் தள்ளிப் போனார்கள். எல்லோரையும் வேலை வாங்கும் கங்காணிகூட இரண்டடி பின்னால் போனார்.

ஆட்டோ வர இருபது நிமிடம். பின் சீட்டில் அத்தையின் தலை என் மடியில், கால்கள் அக்காவின் மடியில். தோட்டத்து ரோடு குண்டும் குழியுமாக எங்களைத் தூக்கிப் போட்டது. குழறலும் நின்றுவிட்டது. கூப்பிட்டால் 'ம்' என்று ஒரு முனகல், அவ்வளவுதான். நான் அவர் கைகளைத் தூக்கி விட்டுப் பார்த்தேன். இரண்டு கையும் ஒரே மாதிரிதான் விழுந்தன. முகம் ஒரு பக்கமும் கோணவில்லை. வியர்வை மட்டும் நிற்கவே இல்லை. அப்படியானால் இது பக்கவாதம் இல்லை.

"அக்கா, காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"ஒண்ணும் சாப்பிடல. வெறுந்தேத்தண்ணிதான். நீ சொன்னேன்னு மாத்திரை போட்டுக்கிட்டா."

"அவங்ககிட்டதான் மாத்திரை இல்லையே!"

"நாந்தான் குடுத்தேன். ஒண்ணு போதுமான்னு கேட்டா, பிரஷர் கூடவாமே, ரெண்டாப் போடுன்னேன்."

"உங்களுக்குச் சீனி வருத்தமும் இருக்குல்ல? எந்த மாத்திரையக் குடுத்தீங்க?"

"ரெண்டும் வெள்ளைதானே" என்றார். "ஒரே டப்பாவுலதான் போட்டு வச்சிருக்கேன்."

உப்பு இல்லையென்றால் பக்கத்து வீடு. வெங்காயம், தேங்காய், நெருப்புப் பெட்டி, எல்லாம் பக்கத்து வீடு. இந்த லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரிந்தும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டேன். சாப்பிடாத வயிற்றில், ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும் சீனி மாத்திரை இரண்டு, அதோடு மூன்று மணி நேரம் மலையேறி வேலை. வாயில் விழுங்கத் தெம்பு இருந்தபோது வந்த சீனியை நானே தட்டிவிட்டிருக்கிறேன்.

ஒரு கடை வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஒரு பொட்டலம் சீனி வாங்கினோம். இப்போது ஊற்றிக் குடிக்க வைக்க முடியாது. அத்தையைப் பக்கவாட்டில் திருப்பி, விரலை நனைத்து, சீனியைத் தொட்டுத் தொட்டு ஈறிலும் கன்னத்தின் உள்பக்கமும் தேய்த்தேன். பதுளை ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தேன். என் கண்ணீர் அவர் முகத்தில் விழுந்தது. அக்கா அதைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்த நர்ஸ், நம்பரைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை கண்ணை விழித்தார், சுற்றிப் பார்த்தார், "எங் கொழுந்தத் தராசுல நிறுத்தாச்சா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மாத்திரையின் வேகம் குறையும்வரை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அதற்குள் லயத்தில் கதை வேறாகிவிட்டது. டாக்டரம்மா இருந்ததால்தான் அத்தை பிழைத்தாராம். மாத்திரையை மாற்றிக் கொடுத்ததற்கும், மயங்கிக் கிடந்தவளுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனதற்கும் அக்காவுக்கு ஆளாளுக்கு ஏச்சு. அக்கா பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அம்மா சொன்ன அன்று சாயந்தரமே அக்காவின் காம்பராவுக்குப் போனேன். அவர் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அன்னைக்கு நீங்க செஞ்சதுதான் சரி. அந்தத் தேத்தண்ணியக் குடிச்சிருந்தா அத்தை அங்கேயே எந்திரிச்சு உக்காந்திருப்பாங்க. நான்தான் கெடுத்தேன். நாளைக்குக் காலையில வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுல எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

"எனக்குத் தெரியும்" என்றார், மாவிலிருந்து கையை எடுக்காமல். "சீனி எறங்குனா எனக்கும் அப்படித்தான் வேர்க்கும், கை நடுங்கும். பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சா ஏங்க்கா பேசாம இருந்தீங்க? என்னைய ஒரு தள்ளு தள்ளிட்டுக் குடுத்திருக்கலாமே!"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"எப்படிம்மா? நீ போட்ட சத்தத்துல தோட்டத்துத் தொரையே நேர்ல வந்து நிக்கிற மாதிரி இருந்துச்சு. கை தானா கீழ எறங்கிருச்சு."