கம்பெனி வைத்த வேண்டுதல்

என்னை ஒரு மில்லுக்குத்தான் கட்டிக்கொடுத்தார்கள் என்று சொன்னால் அதில் பெரிய பொய் கிடையாது. எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். மாப்பிள்ளை ராஜபாளையத்தில் நூல் மில்லில் பெர்மனென்ட் என்று தரகர் சொன்னதும் அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. மாப்பிள்ளையைப் பற்றி எவ்வளவு விசாரித்தாரோ தெரியாது, மில்லைப் பற்றி நன்றாக விசாரித்தார். இரண்டாவது யூனிட்டுக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று, இன்னும் பெருகும் என்று நாலு பேர் சொன்னார்கள். போதுமென்று தாம்பூலம் மாற்றிக்கொண்டார்.

அவர்கள் சொன்னபடியே மில் பெருகியது. என் வீட்டுக்காரருக்கு நூற்கும் மெஷினில் வேலை. அறுந்த நூலை ஓடி ஓடி ஒட்டிக்கொண்டே இருக்கவேண்டும். வீட்டுக்கு வரும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். இரண்டாவது யூனிட் ஓடத் தொடங்கிய வருஷம் எல்லோருக்கும் எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். தெருவில் தண்ணீர் பிடிக்கப் போனால், குடத்தைப் பார்த்தே இது மில்லுக்காரர் வீடு என்று தெரிந்துகொள்வார்கள். முதலாளி காரை விட்டு இறங்கி ஷெட்டுக்குள் நடந்து வருவாராம். முகம் பார்த்துத் தலையாட்டுவாராம். என் வீட்டுக்காரர் அதை வந்து சொல்லும்போது அவருக்குத் தனியாக ஒரு குடம் கொடுத்த மாதிரி இருக்கும்.

தொண்ணூறுகளில் பேச்சு மாறியது. பஞ்சு விலை ஏறிவிட்டது, கரண்ட் சரியில்லை, உள்ளூரில் நூல் விற்றுக் கட்டுப்படியாகவில்லை, இனிமேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால்தான் மில் நிற்கும் என்றார்கள். வெளியூரிலிருந்து புது மேனேஜர் ஒருவர் வந்தார். எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான், “வெளிநாட்டுக்காரன் கேக்குறான்.” டீ இடைவேளையைக் குறைத்தாலும் வெளிநாட்டுக்காரன்தான். கேன்டீனில் வடையை நிறுத்தினாலும் வெளிநாட்டுக்காரன்தான். அவனை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

பிறகு பெர்மனென்ட் ஆட்களை ஒவ்வொருவராக ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கும்பலாகக் கூப்பிட்டால் சங்கம் பேசும் என்று தெரிந்துதான் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். இப்போது விருப்ப ஓய்வில் போனால் மரியாதையாகப் போகலாம், நாளைக்கு மில்லைச் சாத்தினால் அதுவும் கிடையாது என்று சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் பட்டப்பகலில் வீட்டுக்கு வந்தார்.

“என்னங்க, காய்ச்சலா?” என்றேன்.

“கையெழுத்துப் போட்டுட்டேன்” என்றார். வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, “எல்லாரும் போட்டுட்டாகன்னு மேனேஜரு சொன்னாரு. வெளிய வந்து பாத்தா எனக்கு முன்னால ஒருத்தனும் போடல” என்றார்.

அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு தறிக்கொட்டகையில் தினக்கூலிக்குப் போனார். வேலை இருக்கிற அன்று போவார், இல்லாத அன்று வாசலில் உட்கார்ந்து மில் சங்கு ஊதுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மில்லுக்குள் ஆட்கள் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையை இடித்துவிட்டு ஹாஸ்டல் கட்டினார்கள். சைக்கிளில் வருகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்களே. கல்யாணமாகாத பெண்பிள்ளைகளை ஊர் ஊராகப் போய்க் கூட்டிவந்தார்கள். மூன்று வருஷம் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை சேர்த்துக் கொடுப்போம் என்று பெற்றோரிடம் சொல்லியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வார்டன் தேடினார்கள். நான் பத்தாவது பாஸ். போய்க் கேட்டேன், எடுத்துக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. “ஏட்டி, என்னைய வெளிய அனுப்பிட்டு உன்னைய உள்ள கூப்பிடுதான், நீயும் போறியே” என்று மட்டும் சொன்னார். முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிய அரிசியில் பொங்கிய சோற்றை அவர் தொடவில்லை. இரண்டாம் மாதம் சாப்பிட்டார்.

பிள்ளைகள் எல்லாம் பதினாறு, பதினேழு வயது. என் வீட்டுக்காரர் செய்த அதே வேலையைத்தான் அதுகளும் செய்தன. ஷிப்டு முடிந்து வந்தால் தலையில் பஞ்சு. என்னை “வார்டன் அக்கா” என்று கூப்பிடுவார்கள். அதில் வ. புதுப்பட்டி என்கிற ஊரிலிருந்து வந்த ஒரு பிள்ளை இருந்தாள். மானாவாரி விவசாயக் குடும்பம். இடுப்புக்குக் கீழே இறங்குகிற சடை. எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். சாம்பாரில் பருப்பைத் தேடினாலும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் தேடுவாள். அவளை எனக்குப் பிடிக்கும். அவளால் எனக்குத் தலைவலியும் உண்டு.

ஒரு நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு துணியைக் காட்டினார். வெள்ளைத் துணி. எங்கள் நூலில் வெளிநாட்டில் நெய்தது. அதில் அங்கங்கே மெல்லிசாகக் கறுப்புக் கோடுகள்.

“என்ன தெரியுது?” என்றார்.

“ஏதோ கோடு மாதிரி இருக்கு சார்.”

“முடி. உங்க பிள்ளைங்க தலைமுடி. வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிட்டான். இன்னொரு தடவை வந்தா ஆர்டரே கிடையாதுன்னு சொல்லிட்டான்.”

அன்றிலிருந்து பூ வைக்கக்கூடாது என்று உத்தரவு. பிறகு எல்லோருக்கும் துணித் தொப்பி கொடுத்தார்கள். மெஷின் ஓடுகிற ஷெட்டில் எப்போதும் புழுக்கம். தொப்பிக்குள் தலை வெந்து பிள்ளைகள் சொறிந்துகொண்டே இருந்தார்கள். அடுத்த லோடு போயிற்று. அதற்கும் புகார் வந்தது.

புரட்டாசி பிறந்ததும் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை முகம் மலர்ந்திருந்தது.

“என்னம்மா, சனிக்கிழமை எல்லாரையும் திருவண்ணாமலைக்குக் கூட்டிட்டுப் போலாமா? கம்பெனி பஸ்லயே போயிட்டு வந்துரலாம்.”

அவர் சொன்னது வடக்கே இருக்கிற திருவண்ணாமலையை அல்ல, ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிக் குன்றின்மேல் இருக்கிற பெருமாள் கோவிலை. நான் சின்னப் பிள்ளையில் புரட்டாசிக்குப் புரட்டாசி ஏறிய குன்று. “பிள்ளைக சந்தோசப்படும் சார்” என்றேன்.

“போறதுதான் போறோம், எல்லாரும் முடி காணிக்கை குடுத்துட்டு வந்தா நல்லது. கம்பெனி நல்லா இருக்கணும்னு ஒரு வேண்டுதல். குடுக்கிறவங்களுக்குத் தீபாவளிக்குக் கூடுதலா லீவு.”

எனக்கு விளங்குவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. வெட்டிக்கொள் என்று சொன்னால் பெற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். வேண்டுதல் என்று சொன்னால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அவ்வளவு யோசித்திருக்கிறார்.

“சார், கல்யாணத்துக்குன்னு வந்த பிள்ளைக. மொட்டத் தலையோட ஊருக்குப் போனா, பொண்ணு பாக்க வாரவுக என்ன நினைப்பாக?”

“முடி வளரும்மா. ஆர்டர் போனா வராது.”

“நான் சொல்லமாட்டேன் சார். நீங்களே சொல்லிக்கோங்க.”

அவரே சாப்பாட்டு ஹாலுக்கு வந்து சொன்னார். பக்தியாகத்தான் சொன்னார். லீவு என்றதும் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்த பிள்ளைகள்.

சனிக்கிழமை பஸ்ஸில் போகும்போது ஒரே பாட்டும் சிரிப்புமாக இருந்தது. கோவிலில் கூட்டம் நெரிந்தது. அடிவாரத்தில் முடி இறக்குகிற இடத்தில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்தார்கள். முதலில் உட்கார்ந்தவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தலையில் தண்ணீரைத் தெளித்துக் கத்தி வைத்ததும் சடை அப்படியே மடியில் விழுந்தது. அதற்குப் பிறகு யாரும் பாடவில்லை.

புதுப்பட்டிப் பிள்ளையின் முறை வந்தது. அவள் உட்காரவில்லை.

“எனக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்ல சார்” என்றாள்.

மேனேஜர் சிரித்த முகத்தோடுதான் வந்தார். “எல்லாரும் குடுக்குறாங்க, உனக்கு மட்டும் என்னம்மா? கம்பெனி நல்லா இருந்தாத்தானே நீ நல்லா இருப்பே?”

“அப்ப வேண்டுனது கம்பெனிதான சார்? வேண்டுனவுகதான இறக்கணும். நீங்க உக்காருங்க. நான் துண்டு பிடிக்கேன்.”

முடி இறக்குகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிச் சிரித்தார். வரிசையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். வேண்டுதலுக்கு வந்த வெளியாட்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேனேஜர் என்னைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். அந்தச் சிரிப்பின் தைரியத்தில் பாதிப் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்ட ஒருத்தி மட்டும் எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் நின்று, கடைசியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. புதுப்பட்டிப் பிள்ளை வேலை நேரத்தில் தூங்கினாள் என்று சொல்லி அவளுடைய அப்பாவை வரவழைத்தார்கள். வயலிலிருந்து அப்படியே வந்தவர் மாதிரி இருந்தார். கேட்டில் நின்று என்னிடம், “என்ன தப்பு பண்ணிட்டா தாயி?” என்று கேட்டார். அவள் பக்கத்தில் டிரங்குப் பெட்டியோடு நின்றாள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மகள் செய்தது சரிதான் என்று அவர் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் அவளுடைய சடையைப் பார்த்தார்.

“முடிதானட்டி? அது வளந்திருக்கும்லா? மூணு வருசம் முடிய இன்னும் எம்புட்டு இருந்துச்சு? பொறவு உன் கல்யாணத்துக்கு நான் யார்ட்டப் போயி நிப்பேன்?”

அதுவரைக்கும் அழாதவள் அப்போது அழுதாள். அவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். அவள் பின்னால் போனாள்.

கார்த்திகை மாதத்தில் அந்த வெளிநாட்டுக்காரன் நேரிலேயே வந்தான். வயதான, சிவந்த மனிதர். ஹாஸ்டலைக் காட்டுவதற்காக என்னையும் கூட நடக்கச் சொன்னார்கள். முடி அப்போதுதான் முளைத்து வருகிற பிள்ளைகளைப் பார்த்து மேனேஜரிடம் அவர் ஏதோ கேட்டார். மேனேஜர், “டெம்பிள், டெம்பிள்” என்றார். அந்த மனிதர் உடனே மிகுந்த மரியாதையோடு பிள்ளைகளைப் பார்த்துக் கைகூப்பினார். பிள்ளைகளும் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.

அப்புறம் அவர் ஷெட்டுக்குப் போகவில்லை. பஞ்சு குடோனுக்குப் போகவேண்டும் என்றார். அங்கே ஒரு பேலை, கட்டிவைத்த பஞ்சுப் பொதியைப் பிரிக்கச் சொல்லி, உள்ளே கைவிட்டுக் கிளறினார். கறுத்த நார் ஒன்றை உருவி மேனேஜரின் உள்ளங்கையில் வைத்தார். இன்னொன்று உருவினார். இன்னொன்று. பஞ்சு கட்டிவருகிற சாக்கின் சணல் நார். விலை ஏறியபோது மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிய பஞ்சு அது. சாக்கு நைந்து நாரெல்லாம் பஞ்சோடு கலந்திருந்தது. அதுதான் நூலிலும் துணியிலும் கறுப்புக் கோடாகப் போயிருக்கிறது. முடியே இல்லை.

மேனேஜர் முகத்தில் நான் ஒரு மாற்றத்தையும் பார்க்கவில்லை. உள்ளங்கையில் இருந்த நாரை மூக்குப்பொடி போடுகிறவர் மிச்சப் பொடியைத் தட்டுகிற மாதிரி தட்டிவிட்டு, “யெஸ் சார், யெஸ் சார்” என்றார்.

வெளிநாட்டுக்காரர் போன பிறகு நான் ஆபீசுக்குப் போய் மேனேஜரிடம் கேட்டேன்.

“சார், அந்தப் புதுப்பட்டிப் பிள்ளைய திரும்பக் கூப்பிடலாம்லா? முடி இல்லன்னு ஆகிப்போச்சே.”

“அது தூங்கினதுக்காகப் போன பொண்ணும்மா. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

அவர் சொன்ன தோரணையில், அவருக்கு அது நிஜமாகவே அப்படித்தான் ஞாபகம் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

குடோனில் மேஜை போட்டுப் பஞ்சிலிருந்து நார் பொறுக்க ஆள் எடுத்தார்கள். கான்ட்ராக்டர் மூலம் தினக்கூலி. பழைய ஆட்கள் பலருக்குச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரரைக் கூப்பிடவும் ஆள் வந்தது. அவர் பெட்டியிலிருந்து மில்லில் கொடுத்த பழைய காக்கிச் சட்டையை எடுத்து, துவைத்து, இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனார். கான்ட்ராக்ட் ஆட்கள் மில் சட்டை போடக்கூடாது என்று வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டான். திரும்பி வந்து சட்டையை மாற்றிக்கொண்டார்.

“விடுங்க, போகவேண்டாம்” என்றேன்.

“போகாம?” என்றார். போய்விட்டார்.

சணல் நாரைப் பற்றி ஹாஸ்டலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும் என்று எனக்குப் பட்டது. ஒரு நாள் சாயங்காலம் உட்காரவைத்துச் சொன்னேன். கோபப்படுவார்கள், மேனேஜரைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். அன்றைக்குத் தலையில் தண்ணீரோடு எழுவதா என்று நின்றாளே, அவள்தான் கேட்டாள்.

“அப்ப நாங்க பெருமாளுக்குக் குடுத்தது அக்கா? அது வேண்டுதலாவே சேராதா?”

“சேரும்” என்றேன்.

அவள் தலையைத் தடவிக்கொண்டாள். முள்ளு முள்ளாக முளைத்திருந்தது. தீபாவளி லீவில் ஊருக்குப் போனபோது பெண் பார்க்க வந்தவர்கள், தலைமுடி வளரட்டும், பொறவு பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனதாக அதற்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். அவர்கள் திரும்ப வரவில்லை.

ஆர்டர் மறுபடி கிடைத்தது. மூன்றாவது யூனிட்டுக்குப் பூமி பூஜை போட்டார்கள். முதலாளி பேசும்போது, போட்டிக்கு ஈடுகொடுக்க எல்லோரும் தியாகம் செய்தோம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பிள்ளைகளும் தட்டினார்கள், தொப்பியோடு. முடி காரணமில்லை என்று ஆன பிறகும் அந்தத் தொப்பியை மட்டும் யாரும் எடுக்கச் சொல்லவில்லை.