வதனியின் தையலும் என் தமிழும்

மொழிபெயர்ப்பாளர் என்றால் இரண்டு மொழியும் தெரிந்தவர் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. நாலு வருடமாக இந்த வேலையைப் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில் திருதிருவென்று முழிக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பெயர்.

வெளிநாட்டு டாக்டர் முன்னால் அம்மாவுக்கோ மாமியாருக்கோ மொழிபெயர்க்கப் போய் மாட்டிக்கொண்ட எல்லோரும் என் கட்சி. உங்களுக்கு அது ஒரு நாள் கூத்து, எனக்கு அன்றாடப் பிழைப்பு. நான் சென்னையில் அடுக்குமாடியில் வளர்ந்தவள். கணவரின் ஐடி வேலையோடு ஆக்லாந்துக்கு வந்து கிளென்ஃபீல்டில் இருக்கிறேன். பிரசவம் பார்க்கும் மிட்வைஃப்களும் ஆஸ்பத்திரிகளும் கூப்பிட்டால் போவேன். அவர்களுடைய படிவத்தில் 'தமிழ்' என்று ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. யாழ்ப்பாணம், சென்னை, ஈப்போ எல்லோரும் அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிட வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு முப்பத்து நாலு வயது, குழந்தை இல்லை. "வீடு வாங்கிட்டு பார்க்கலாம்னு இருக்கோம்" என்று உறவுக்காரர்களிடம் சொல்வேன். உண்மைக் காரணம் பயம். பிரசவ அறைகளில் நான் மொழிபெயர்த்த ஒவ்வொரு வாக்கியமும் அந்தப் பயத்துக்குத் தீனி போட்டது. கீழே வருவதெல்லாம் வதனி என்ற ஒருத்தியைப் பற்றியது. அது அவள் பெயர் இல்லை. ஆனால் எழுதச் சொன்னது அவள்தான்.

கண்ணீர்

வதனி யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி லின்ஃபீல்டுக்கு வந்து இரண்டு வருடம். கணவர் ரமணன் பாபகூராவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். நான் முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவளுக்கு எட்டாம் மாதம், முதல் பிரசவம். மிட்வைஃப் மெலே, டோங்கா பெற்றோருக்கு ஆக்லாந்தில் பிறந்தவர். இங்கே பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஒரே மிட்வைஃப்தான் வீட்டுக்கு வந்து பார்ப்பார். அன்று மெலே பேச ஆரம்பித்ததும் நானும் மும்முரமாக ஆரம்பித்தேன். "நீங்க அழுகையைப் பத்தி ரொம்ப பயப்படுறீங்கன்னு கேள்விப்பட்டாங்களாம். முதல் பிரசவத்துல கொஞ்சம் அழுகை வர்றது சகஜமாம். சின்னதா வந்தா தானே ஆறிடுமாம்."

இந்த ஊர்க்காரர்கள் ஆங்கிலத்தில் 'பேர்' என்ற கரடியும் பீரும் ஒரே சத்தம். கண்ணீருக்கான 'டியர்' என்ற சொல்லும் கிழிசலுக்கான 'டேர்' என்ற சொல்லும் அப்படித்தான். அது எனக்கு மண்டையில் உறைப்பதற்குள் மெலே அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார், நானும் பின்னாலேயே போய்விட்டேன். "பெருசா வந்தா தையல் போட்டுடுவாங்களாம்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. வதனி கையை வாய்மேல் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அழுதாலும் தைப்பினமோ, அக்கா?"

டிகிரி

கிழிசல் என்று திருத்திச் சொன்ன பிறகுதான் அவள் உண்மையில் பயந்தாள். டொரன்டோவில் இருக்கும் மச்சாள் ஒருத்தி தன் கதையை வாட்ஸ்அப்பில் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள். தைத்தது பிரிந்துவிட்டால் என்ன செய்வது, உடம்பு பழையபடி ஆகாமலே போய்விட்டால் என்ன செய்வது, இந்த இரண்டு கேள்வியையும் வதனி மெலேயிடம் குறைந்தது பத்துத் தடவை கேட்டிருப்பாள். மெலே பத்துத் தடவையும் பதில் சொன்னார். பத்துத் தடவையும் மொழிபெயர்த்ததில் பதில் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் வார்டில் மெலே நிதானமாக விளக்கினார், நான் நிதானமாகக் கோட்டை விட்டேன். "வதனிக்கு இரண்டாவது டிகிரி" என்று தொடங்கி, அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டு ஒரு நொடி நிறுத்தியதுதான் தப்பு. ரமணன் அவசரமாகக் குறுக்கிட்டார். "இல்லை அக்கா, அவ ஏ.எல். வரைக்கும்தான் படிச்சவ. டிகிரி ஒண்டும் எடுக்கேல்லை." கிழிசலின் அளவைத்தான் அப்படிச் சொல்வார்கள், மொத்தம் நாலு டிகிரி உண்டு, இரண்டு என்றால் தோலும் கொஞ்சம் தசையும், பலருக்கும் வருவது, தைத்தால் ஆறிவிடும் என்று மெலே சொன்னதையெல்லாம் சொன்னேன். வதனி கூரையைப் பார்த்தபடி கணக்குப் போட்டாள். "நாலுக்கு ரெண்டோ? அப்ப நான் பாதி கிழிஞ்சு போனனோ?"

விபத்து

இந்த நாட்டில் பிரசவக் காயத்தையும் விபத்தாகப் பதிவு செய்யலாம். பின்னால் உடற்பயிற்சி சிகிச்சை தேவைப்பட்டால் அந்தப் பதிவு உதவும். மெலே படிவத்தை எடுத்ததும் "இது விபத்துக்கான படிவம்" என்றேன். ரமணன் முகம் வெளுத்துவிட்டது. யார் கார் ஓட்டியது, எங்கே மோதியது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தவே ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு, விபத்து எப்படி நடந்தது என்று சுருக்கமாக எழுத வேண்டிய இடம் வந்தது. அதைத் தானே சொல்வதாக ரமணன் முன்வந்தார். "பிள்ளையின்ர தலை தகப்பன்ர தலை மாதிரி எண்டு போடச் சொல்லுங்கோ."

வெளிக்கு

இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கூசுகிறது.

பிரசவமாகி நாலாம் நாள். அன்று வேலை தொலைபேசியில். கிளென்ஃபீல்ட் மாலின் கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே தள்ளுவண்டிகளின் கடகடப்பு. மெலே இன்னொரு பிரசவத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார். எழுந்து நடமாடுகிறாளா என்று கேட்டார். அதை நான் கேட்டதும் வதனி தன் மனத்தில் இருந்ததைச் சொன்னாள். "மூண்டு நாளா வெளிக்குப் போகேல்லை அக்கா. போகப் பயமாக் கிடக்கு."

மூன்று நாளாக வெளியே போகவில்லை, போகப் பயமாக இருக்கிறது என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மெலேக்கு ஒரே சந்தோஷம். தையல் போட்ட பெண் வீட்டுக்குள்ளேயே ஓய்வாக இருப்பதைவிட வேறென்ன வேண்டும்? அவர் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். "ரொம்ப நல்லதாம். அவசரமே இல்லையாம். ரெண்டு வாரம் போகாட்டியும் பரவாயில்லையாம். ரொம்ப போகணும்னு தோணினா, மெதுவா நடந்து வாசல் லெட்டர்பாக்ஸ் வரைக்கும் போயிட்டு வரலாமாம்."  அந்தப் பக்கத்திலிருந்து வதனியின் குரல் ரகசியமாக வந்தது. "லெட்டர் பொக்ஸடியிலயோ, அக்கா?"

நான் "ஆமா, காத்தாட!" என்றேன் உற்சாகமாக. அதற்கு அவள் மரியாதையாகச் சொன்ன பதில்: "ஓம் அக்கா, நன்றி."

ஏழாம் நாள்

மெலேயும் நானும் நேரில் போனோம். வதனி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார மாட்டேன் என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. ரமணன் யாரையோ கேட்டுக் கேட்டு வைத்த பத்தியக் கறி அடுப்பில் அப்படியே இருந்தது. இரண்டு கரண்டி கஞ்சிதான் ஒரு நாளைக்கு என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மலமிளக்கி மருந்து மூடி திறக்காமல் இருந்தது. அதைப் பார்த்ததும் மெலேயின் குரல் மாறிவிட்டது. கடைசியாக எப்போது மலம் போனது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். "பிள்ளை பிறந்ததிலயிருந்து இல்லை அக்கா. நீங்கள்தானே ரெண்டு கிழமைக்குப் போகாட்டியும் பரவாயில்லை எண்டு சொன்னனீங்கள்? போனாத் தையல் பிரிஞ்சிடும். சாப்பிட்டாத்தானே வரும் எண்டு நான் சாப்பிடவும் இல்லை."

வெளிக்குப் போவது என்றால் அது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் அப்படிச் சொல்வார்கள் என்று பிறகு என் கணவர் சொன்னார். அவர் மன்னார்குடிக்காரர், தெரிந்திருக்கிறது. லிஃப்டில் ஏறி இறங்கி வளர்ந்த எனக்குத் தெரியவில்லை. பால் கொடுக்கிற ஒருத்தியை நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பட்டினி போட்டிருக்கிறேன். தையல் இறுகிய மலத்தில் பிரிந்தால் அதற்குக் காரணம் நான். காது சூடேறிப்போய், தப்பு என்னுடையது என்று மெலேயிடம் ஆங்கிலத்திலும் வதனியிடம் தமிழிலும் சொன்னேன். மெலே என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரமணன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நான் ரெண்டு தரம் லெட்டர் பொக்ஸடியப் போய்ப் பாத்தனான் அக்கா. ஒரு மறைப்பும் இல்லை."

கதவுக்கு இந்தப் பக்கம்

மருந்தும் தண்ணீரும் பழச்சாறும் கஞ்சியும் ஒரு நாள் முழுக்க உள்ளே போயின. மறுநாள் காலையில் மெலே என்னையும் வரச் சொன்னார். வதனி கழிப்பறைக்குள், மெலேயும் நானும் கதவுக்கு வெளியே, எங்களுக்குப் பின்னால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரமணன். மெலே சொல்லச் சொல்ல நான் கதவைப் பார்த்துக் கத்தினேன். கால் இரண்டையும் சின்ன ஸ்டூல்மேல் வைங்க. முன்னால சாஞ்சுக்குங்க. சுத்தமான துணியை மடிச்சு தையல்மேல கையால தாங்கிப் பிடிச்சுக்குங்க. முக்காதீங்க, மெழுகுவத்தியை ஊதுற மாதிரி ஊதுங்க.

உள்ளே அவள் ஊதினாள். வெளியே நாங்கள் மூன்று பேரும் ஊதினோம். "பிரியுமோ அக்கா? பிரியுமோ?" என்று அழுகைக் குரல் வந்துகொண்டே இருந்தது. பிரியாது, நீ நினைப்பதைவிடத் தையல் கெட்டி என்று மெலே சொன்னதை நான் எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. சொல்லும்போது எனக்கு நம்பிக்கை இல்லை.  கடைசியில் தண்ணீர் இழுக்கும் சத்தம் கேட்டது.  ரமணன் கதவைத் தட்டப் போனபோது உள்ளே இருந்து குரல் வந்தது: "அக்கா, மெலேயிட்டச் சொல்லுங்கோ. ஒண்டும் பிரியேல்லை."

எந்த நான்

ஆறாவது வாரம் மெலேயின் கடைசி வருகை. தையல் நன்றாக ஆறிவிட்டது என்றார். விரும்பினால் பார் என்று ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்தார். அதுவரை குனிந்துகூடப் பார்க்காத வதனி, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முன்னே மாதிரியே இல்லை, ஆனால் தான் நினைத்த மாதிரியும் இல்லை என்றாள். தும்மினால் ஒரு சொட்டு சிறுநீர் வருகிறது, நெடுநேரம் நின்றால் இழுக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அதற்குப் பயிற்சி இருக்கிறது, சரியாகும், அவசரப்படாதே என்றார் மெலே. வதனி சோஃபாவில் சாய்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் தொழிலில் இரண்டு விதி உண்டு. அறையில் யார் என்ன சொன்னாலும் மொழிபெயர்க்க வேண்டும். 'அவள் சொல்கிறாள்' என்று சொல்லாமல், 'நான்' என்றே சொல்ல வேண்டும், தமிழில் நான் '-ஆம்' போட்டுத் தப்பித்தாலும். மெலே குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது வதனி என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எத்தினை பிள்ளையள் அக்கா?" இல்லை என்றேன். "விருப்பமில்லையோ?" வீடு வாங்கிவிட்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆசைதான். பயமா இருக்கு" என்று வந்துவிட்டது. என்ன பேசுகிறீர்கள் என்று மெலே நிமிர்ந்தார். விதி விதிதான். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன்.

மெலே பேனாவை வைத்துவிட்டு வதனியின் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் ஆறிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். பார்த்தால் வதனி சிரிக்கிறாள், கண்ணைத் துடைக்கிறவள் நான். மெலே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உங்களில் யாருக்குப் பயம் என்று கேட்டார்.  வதனி என் முதுகில் கையை வைத்தாள். தன் வாயாலேயே, ஆங்கிலத்திலேயே மெலேக்குப் பதில் சொன்னாள்: "ஷீ இஸ் ஸ்கேர்ட். மீ, நோ மோர்."

என் நாலு வருட அனுபவத்தில் ஒரு சொல்கூடச் சிதையாமல் போய்ச் சேர்ந்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான், அதைச் செய்தது நான் இல்லை.