கௌதாரியின் கழுத்து

செஞ்சியிலிருந்து பக்கமலைக் காட்டுக்கு, பறவை பார்க்கலாம் என்று மகள்தான் என்னை இழுத்துப் போனாள். நடைபாதையில் கொஞ்ச தூரம் போவதற்குள் புதர் ஓரம் ஒரு கௌதாரி வந்து நின்றது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பைனாகுலரை என் கையில் திணித்தாள்.

"நைனா, கழுத்துல கருப்பா கோடு ஒண்ணு இருக்குது பாரு. தெரியுதா?"

"தெரியுது, தெரியுது" என்றேன். நான் கழுத்துப் பக்கமே போகவில்லை. என் கண் நேராகத் தொடையில் போய் நின்றிருந்தது. மிளகு போட்டு வறுத்த ருசி ஞாபகம் வந்து, சனியன் பிடித்த நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

"எவ்ளோ அழகு, இல்ல நைனா?"

அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது. உடனே பதில் சொல்லவும் முடியவில்லை. முதலில் வாயில் ஊறியதை விழுங்க வேண்டியிருந்தது.