பதினாறு டிகிரி மரியாதை

துறைமுகம் போகும் சாலையில் காசிலிங்கம் அண்ணாச்சிக்கு நாலு மாடிக் கட்டடம். அதன் ஏசிகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரே ஆள் சந்தனமாரி. ஐ.டி.ஐ. படித்தவள். பதினோரு வருஷமாகத் தற்காலிக ஊழியர். தற்காலிகத்திலேயே ஒருத்திக்குத் தலை நரைக்கும் என்பதை அந்தக் கட்டடத்தில்தான் பார்க்கலாம்.

மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்த வெளிநாட்டுக் கப்பல் கம்பெனி ஒருநாள் கடிதம் கொடுத்தது. கரண்டுச் செலவால் கட்டடம் வெளிவிடும் கார்பனை ஆறு மாதத்தில் கால்வாசி குறைத்து, அதற்குச் சர்டிபிகேட்டும் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்துவிடுவோம் என்று. அண்ணாச்சி உடனே முகப்புக்குப் பச்சை பெயின்ட் அடித்தார். வரவேற்பறைச் சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் செடி வைத்தார். செடி பளிச்சென்று தெரிய எட்டு விளக்கும் போட்டார். மீட்டர் முன்னைவிட வேகமாக ஓடியது.

"ஏளா சந்தனமாரி, நீயாச்சும் ஏதாவது செய்யி. சர்டிபிகேட் வந்துட்டுன்னா உன்னை நிரந்தரமாக்கிருதேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் மாடாய் உழைத்தாள். உப்புக்காற்று அரித்த ஏசிகளைக் கழற்றிச் சீராக்கினாள். கதவிடுக்குகளை அடைத்தாள். மொட்டைமாடிக்கு வெள்ளை பூசினாள். கடல் பக்கத்து ஜன்னல்களில் யாரோ அடித்திருந்த பிளைவுட்டைப் பெயர்த்து எறிந்தாள். மத்தியானம் கடல்காற்று வந்ததும் ஏசியை நிறுத்துவாள். மற்ற நேரம் இருபத்தாறு டிகிரி. அதுவரை சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்த மற்ற மாடிக்காரர்கள், சுங்க வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட்டுகள், "ஆபீஸ் மாதிரியே இல்ல" என்று முகத்தைச் சுளித்தார்கள்.

சர்டிபிகேட் கொடுக்கும் ரம்யா மேடம் சோதனைக்குச் சென்னையிலிருந்து வரும் நாளும் வந்தது. நம்மூரில் விருந்தாளியை நடுங்க வைப்பதுதான் மரியாதை. கல்யாண மண்டபத்தில்கூட சம்பந்தி வீட்டாருக்கு ஏசிக்கு நேர் கீழேதான் நாற்காலி. அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பெரிய இடத்து ஆளு வாராவ. நாலு மாடியிலயும் ஏசியப் பதினாறுல வையி. எல்லா லைட்டையும் போடு!"

"அண்ணாச்சி, அதைக் குறைச்சிருக்கோமான்னு பாக்கத்தான் அவங்க வாராவ."

"வந்தவங்களை வேர்க்க விடுத பழக்கம் நம்ம குடும்பத்துலயே கிடையாது."

ஆறு மாத உழைப்பு ஒரு மணி நேர மரியாதையில் போகப்போகிறது. சந்தனமாரி சரி என்று தலையாட்டிவிட்டு நேரே கீழே போனாள், மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டாள். திரும்பி வந்து, "கரண்டு போயிட்டு அண்ணாச்சி. ஜெனரேட்டர்ல டீசலும் இல்ல" என்றாள்.

அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ரம்யா மேடமோ படியேறி நாலு மாடியும் பார்த்தார். திறந்த ஜன்னல் ஒவ்வொன்றிலும் நின்று காற்று வாங்கினார். ஆறு மாத மீட்டர் கணக்கைச் சரிபார்த்தார். "முப்பது சதவீதம் குறைஞ்சிருக்கு சார். கரண்டே இல்லாமலும் உள்ளே இருக்க முடியுதே!" என்று வியந்துவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் சர்டிபிகேட் வந்தது. அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார். சந்தனமாரி காலையிலேயே மகளிடம் வேலை நிரந்தரமாகப் போகிறது என்று சொல்லிவிட்டு, நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். அவர் மக்ரூன் இனிப்பு டப்பாவைத் திறந்து நீட்டினார். கண் கலங்கியிருந்தார்.

"எல்லாம் உன் கைராசிளா. இப்பல்லாம் ஏசி ஓடுததே இல்ல. அதான் யோசிச்சேன், ஓடாத ஏசிக்கு எதுக்குத் தனியா ஒரு ஆளு? அடுத்த மாசத்துல இருந்து நீ வரவேண்டாம்."

அவள் எடுத்த மக்ரூனை டப்பாவிலேயே திரும்ப வைத்தாள்.

"நிரந்தரமாக்குதேன்னு சொன்னியளே அண்ணாச்சி?"

"சொன்னேன்தான்" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. "நீ இவ்வளவு நல்லாச் செஞ்சிருவன்னு நான் நினைக்கலயே."