சீதனமாகப் போக வேண்டிய கோட்டை

கனடாவின் அஜின்கோர்ட்டில் ஒரு யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடை. சுவரில் முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே இரும்புக் கவசம் அணிந்த வெள்ளைக்காரர் ஒருவர் தொங்குகிறார். அவருக்கும் பிளாஸ்டிக் மாலை, சிவப்பு மின்விளக்கு.

“இவர் யார்?” என்று கேட்கிறேன்.

“பிரெஞ்சுப் பிரபு, அண்ணை. அவையின்ரை நாட்டிலை நடந்து, இந்த ஊருக்குப் பேர் குடுத்த சண்டையிலை செத்தவர்,” என்கிறார் முதலாளி ரொட்டி சுட்டபடி. “ஒரே ஒரு மகள். கோட்டையைத் தம்பிக்காரன் எடுத்திட்டான்.”

“அதுதானே முறை,” என்கிறார் அருகில் வெங்காயம் வெட்டும் அவருடைய தம்பி.

“என்ன முறை? கோட்டையை மகளுக்கெல்லோ சீதனமாய் எழுதியிருக்க வேணும். யாழ்ப்பாணத்திலை எண்டால் விட்டிருப்பமே?”

“அவர் சண்டைக்குப் போக, கோட்டையைப் பார்த்தது தம்பி. இஞ்சை இவ்வளவு வருசமாய் வெங்காயம் வெட்டுறது ஆர்? வெள்ளிக்கிழமை உங்களுக்கு இருதய ஒப்பரேசன், அண்ணை. கடையை ஆருக்கு எழுதப் போறியள்?”

பேச்சு கோட்டையைப் பற்றியது அல்ல என்பது எனக்கு அப்போதுதான் புரிகிறது.

கல்லாவில் இருக்கும் முதலாளியின் மகள் தலை நிமிர்கிறாள். “ஸ்டொப் இற், அப்பா! கடையை நான் கேட்டனானே? எனக்கு ஒஷாவாவிலை ஜொப் கிடைச்சிட்டுது.”

ரொட்டி கருகுகிறது. வென்றுவிட்ட தம்பி வெங்காயக் கத்தியைக் கீழே வைக்கிறார்.

“பிரபுவின்ரை மகளையும் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம்.”

“கேட்டிருந்தால் என்ன? அவளும் ஒஷாவாவுக்குத்தான் போயிருப்பாள்,” என்கிறார் முதலாளி. பிறகு எட்டி, பிரபுவின் விளக்கை மட்டும் அணைக்கிறார்.