பெட்டி யாருக்கு?

செண்பகனூர் ரோட்டில் அடைக்கலம் ஆர்மோனியப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தால், எதிரே வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்.

"யாருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை யாரும் கேட்கமாட்டார்கள். அன்றைக்குப் பெட்டி கோயிலுக்குள் இருக்கும். மற்ற நாளில் அது வெளியே கிளம்பியது என்றால் எங்கோ ஒரு வீட்டில் மூச்சு நின்றிருக்கிறது என்று அர்த்தம். செத்தவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, கல்லறைக்குப் புறப்படுகிறவரை வாசிப்பது அவன் வேலை. சில வீடுகளில் மூச்சு நிற்பதற்கு முன்னாலேயே கூப்பிட்டு விடுவார்கள். அப்போது பெட்டியைத் திறக்காமல் வாசலில் ஓரமாக நிற்பான். கட்டிலில் கிடப்பவர் பார்த்துவிட்டால், "சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்பான்.

சம்பளத்துக்கு அவன் பார்த்தது கொடைக்கானலில் ஒரு ஸ்கூலில் தோட்ட வேலை. பேரி மரத்துக்குக் கவாத்து வெட்டுவான், டேலியாவுக்கு மண் அணைப்பான். அந்த ஸ்கூலில் கழித்துப்போட்ட பெட்டிதான் அது. இரண்டு கட்டை ஊமை. துருத்தியின் கிழிசலுக்குப் பழைய ஃபுட்பால் தோலை வெட்டி ஒட்டினான். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் தானாகவே அமுக்கி அமுக்கிப் பழகினான். சாவு வீடுகளில் வாசித்தே கை பழகியதால் எந்தப் பாட்டும் அவனிடம் இழுத்து இழுத்துத்தான் வரும்.

அவன் மனைவி சகாயராணி கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசை. அவன் இழுத்தால் அவள் காத்திருக்கமாட்டாள். பாட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விடுவாள், அவன் பின்னாலேயே ஓடவேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிப்பாள்.

"ஒங்க பெட்டியில கல்யாணப் பாட்டு வாசிச்சா மாப்பிள்ளை எந்திரிச்சு ஓடிருவான். இன்னும் கொஞ்சம் வெரசாத்தான் வாசிங்களேன்!"

"நான் வெரசா வாசிச்சா ஒனக்கு மூச்சு வாங்கும்டி."

"வாங்கட்டும். ஒங்களுக்கு என்ன?"

எழுபத்தொன்பதாம் வருஷம் கிறிஸ்மஸுக்கு நைலக்ஸ் சேலை வேண்டும் என்று கேட்டாள். வாங்கிக் கொடுத்தான். புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்த காலையில், அதைக் கட்டிக்கொண்டு குமுட்டி அடுப்புக்கு முதுகைக் காட்டிக் குளிர்காய நின்றாள். மலையில் எல்லோரும் நிற்பது போலத்தான் நின்றாள். முந்தானை கரியில் விழுந்தது. நைலக்ஸ் எரிந்து உதிரவில்லை, உருகி முதுகிலும் காலிலும் ஒட்டியது. அடைக்கலம் கம்பளியால் சுற்றி அணைத்தான். உருளைக்கிழங்கு ஏற்றிவந்த லாரியை நிறுத்தி, குப்புறக் கிடத்தி, மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கட்டு மாற்றினார்கள். புண்ணோடு ஒட்டிக்கிடக்கும் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து உரிக்க வேண்டும். அடைக்கலம் வராந்தாவில் காதைப் பொத்திக்கொண்டு நிற்பான். பொத்தினாலும் கேட்கும். கோயில் கூரையைத் தொட்ட குரல் அது. மருந்து வண்டியின் சக்கரம் வராந்தாவில் உருளும் சத்தம் கேட்டதுமே, இன்னும் யாரும் தொடாதபோதே, அவள் கத்தத் தொடங்கினாள்.

நர்ஸ் அருள்மேரிதான் அதைச் சொன்னாள். "அண்ணே, நான் ட்ரெயினிங் எடுத்த எடத்துல கட்டு மாத்துறப்ப ரேடியோவுல பாட்டு வைப்பாங்க. மனசு பாட்டுல இருந்தா வலி கொஞ்சம் எறங்கி நிக்கும். இங்க ரேடியோ இல்ல. ஒங்ககிட்டதான் பெட்டி இருக்கே?"

அவன் அப்போதே வீட்டுக்கு ஓடினான். அதுவரை அவளுக்காகச் செய்ய அவனிடம் எதுவும் இருந்ததில்லை. இப்போது ஒன்று கிடைத்துவிட்டது. மறுநாள் காலையில், தலையில் பெட்டியோடு பஸ் ஸ்டாப்புக்கு வந்தவனை டீக்கடை நாச்சிமுத்து எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"யாருக்குப்பா?"

"எம் பொண்டாட்டிக்குத்தான்" என்றான். பஸ் வந்தது, ஏறிக்கொண்டான். கூட்டத்துக்கு நடுவே ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். யாரும் பேசவில்லை. நல்ல மனுசர்கள் என்று நினைத்துக்கொண்டான்.

பொம்பளை வார்டில் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். அருள்மேரி துணியை ஊறவைத்தாள். அவன் துருத்தியை இழுத்தான். என்ன வாசிப்பது என்று யோசித்து வரவில்லை. கை பழகின இடத்துக்குத் தானாகப் போயிற்று. கல்லறைக்குப் புறப்படும்போது வாசிப்பதை வாசித்தான்.

துணி உரிந்தது. சகாயராணி கத்தவில்லை.

அருள்மேரி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்னும் நன்றாக, இன்னும் இழைத்து வாசித்தான். கட்டுப் போட்டு முடித்து அருள்மேரி நகர்ந்த பிறகுதான் சகாயராணியின் முகம் அவனுக்குத் தெரிந்தது. தலையணையில் கன்னத்தை வைத்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கா?" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. வார்டு வாசலில் அழுகுரல் கேட்டபோது புரிந்தது. சகாயராணியின் அக்கா உபகாரம் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பின்னால் செண்பகனூர்ப் பெண்கள், கையில் ஜெபமாலை. நாச்சிமுத்து கடையில் சொன்னது தெரு முழுக்கப் போயிருக்கிறது. "என்னைப் பெத்த தங்கமே, போயிட்டியாடி!" என்று கத்திக்கொண்டே வந்தவள், தங்கச்சி கண்ணைத் திறந்துகொண்டு பார்ப்பதைக் கண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து சகாயராணி சாப்பிடவில்லை. முட்டையும் பாலும் உள்ளே போனால்தான் புதுத் தோல் வரும் என்று டாக்டர் சொன்னார். கெஞ்சியும் அதட்டியும் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கட்டு மாற்றும்போது கத்துவதைக்கூட விட்டுவிட்டாள். அந்த மௌனம் அடைக்கலத்துக்குக் கத்தலைவிடக் கொடுமையாக இருந்தது. அக்காவிடம்தான் பேசினாள். கல்யாணச் சேலை எந்த ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது, அதைத்தான் கட்ட வேண்டும் என்று.

"மாதா மேல சத்தியமா, வலிக்குத்தாண்டி வாசிச்சேன்" என்று அவன் கெஞ்சியதற்கு மட்டும் ஒருமுறை பதில் சொன்னாள்.

"எத்தனை பேருகிட்ட சும்மா வந்தேன், சும்மா வந்தேன்னு சொல்லிக்கிட்டு வாசல்ல நின்னிருக்கீக. நான் பாத்ததில்லையா?"

டாக்டர் வராந்தாவில் அவனைத் தனியே கூப்பிட்டு, இப்படியே போனால் தன் கையில் ஒன்றுமில்லை என்றார். அவன் நேரே போய், துணி அறையில் அருள்மேரி எடுத்து வைத்திருந்த பெட்டியைத் தூக்கினான். பள்ளத்தாக்கில் வீசுவது என்று முடிவு செய்திருந்தான். வார்டு வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

"ஏப்பா பெட்டிக்காரா, எங்க தூக்கிட்டுப் போற?"

பக்கத்துக் கட்டில் சின்னத்தாயி. பாச்சலூர்க்காரி, காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவள். ஈரல் கெட்டு வயிறு பானையாக வீங்கிக் கிடந்தது. வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லி அவள் மகனிடம் டாக்டர் சொல்லியாயிற்று. வர மாட்டேன் என்று இவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். வார்டின் வாய் அவள்தான்.

"வீசப் போறேன்" என்றான்.

"ஒனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? உக்காரு. எனக்கு வாசி."

"அக்கா, இது... சாவுப் பாட்டு."

"தெரியும்லே. அதுக்குத்தான கேக்கேன். எங்கூர்ல செத்த பெறகுதான் கொட்டடிப்பாக. எங் காதுல விழுகவா போகுது? கேக்க முடியிறப்பவே கேட்டுக்கிறேன். ஒங்க மாதா கோயில் வேதக்காரவுகளுக்கு மட்டுந்தான் வாசிப்பியோ?"

சகாயராணி தலையைத் திருப்பாமலே பேசினாள். நாட்கணக்கில் வார்டு கேட்காத குரல்.

"அது எனக்கு வாசிச்ச பாட்டு, அக்கா."

"ஒனக்கா? ஒனக்கு என்னடி கேடு? முதுகு வெந்து கெடக்கு, அம்புட்டுத்தான. இந்த வயித்தப் பாரு. வரிசையில நாந்தான் முந்தி நிக்கேன். ரேசன் கடையில பூருற மாதிரி நடுவுல பூராத. பெட்டி எனக்கு வந்தது. நீ வேணுமின்னா எனக்குப் பின்னாடி நில்லு, கெழவியாகி."

சகாயராணியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவன் குனிந்தான்.

"பேசாம இரு, அக்கா" என்றாள். "சிரிச்சா முதுகு இழுக்குது."

அன்று சாயங்காலம் பாதி முட்டை உள்ளே போனது. அருள்மேரி அதை ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னாள்.

மறுநாளிலிருந்து கட்டு மாற்றும் நேரத்தில் அடைக்கலம் வாசித்தான், சின்னத்தாயிக்கு. அவளுடைய கட்டிலைப் பார்த்து உட்காருவான், முதுகு மனைவியின் பக்கம். அவள் கத்துவாள், நடுவில் மூச்சு வாங்கும்போது பாட்டைக் கேட்பாள், மறுபடி கத்துவாள். சின்னத்தாயி வேறு இடையிடையே அதட்டுவாள். "ஏடி, கொஞ்சம் மெதுவாக் கத்து. எம் பாட்டு காதுல விழுகல." முட்டை முழுசாக இறங்கத் தொடங்கியது. கெண்டைக்காலில் ஓர் ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் வந்திருப்பதாக டாக்டர் சொன்னார். முதுகைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் காலை வெள்ளனே வந்தவன், வார்டு வாசலிலேயே நின்றுவிட்டான். பக்கத்துக் கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. விடியும்போது சின்னத்தாயியின் உயிர் போய்விட்டதாம், மகன் ஜீப்பில் பாச்சலூருக்குக் கொண்டுபோய்விட்டானாம். வரிசையில் முந்தி நின்றவள் போய்விட்டாள். அடுத்து யார்?

சகாயராணி வெறும் கட்டிலையே பார்த்துக் கிடந்தாள். தட்டில் முட்டை தொடாமல் இருந்தது. உள்ளே போனாலும் சாவுப் பெட்டி, திரும்பிப் போனாலும் அவள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு வராந்தாவில் நிற்க வேண்டும். அவனுக்குப் பின்னால் மருந்து வண்டி உருண்டு வந்தது. அந்தச் சத்தத்துக்குத் திரும்பியவள் பெட்டியைப் பார்த்தாள்.

"இன்னைக்கு யாருக்கு?" என்றாள்.

பொய் சொல்லப் பார்த்தான், எதுவும் வரவில்லை.

"எனக்குத்தான்" என்றான். "நீ கத்துறத வெளிய நின்னு கேக்க முடியல, ராணி. கை சும்மா இருக்க மாட்டேங்குது. எனக்குத்தான் வாசிச்சுக்கிறேன். மொத நாளும் அதுக்குத்தான்."

அருள்மேரி உப்புத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்ப வெரசா வாசிங்க. இழுத்தீக, எந்திரிச்சு வந்து அடிப்பேன்" என்றாள் சகாயராணி.

அவன் உட்கார்ந்தான். அதே பாட்டுத்தான், அவனுக்கு வேறு எதுவும் கைக்கு வரவில்லை. ஆனால் துருத்தியை மூச்சிரைக்கிறவனைப்போல அடித்தான். ஊமைக் கட்டைகளில் விரல் விழுந்து பாட்டு நொண்டியது. முதுகில் துணியின் முனையை அருள்மேரி பிடித்து இழுத்தாள். சகாயராணி கத்தினாள். கத்தலுக்கு நடுவில் பாட்டின் ஓர் அடியைப் பிடித்தாள், விட்டாள், மறுபடி கத்தினாள். மறுபடி பிடித்தபோது அவனுக்கு முன்னால் போய்விட்டிருந்தாள்.

முதுகில் இன்னும் பாதிக்கு மேல் உரிக்கவேண்டியிருந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னாலேயே ஓடினான்.