சொன்னால் சுற்றும் ஃபேன்

போனில் பேசியே அடுத்தவர் குறையைத் தீர்க்கிற வேலையில், நம் முகம் யாருக்கும் தெரியாது என்பது வசதி. நம் குரல் நடுங்குவது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பது அவஸ்தை.

இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். "அந்த ஃபேனைக் கொஞ்சம் போடேன்" என்று நாள் முழுக்க அடுத்தவரிடம் கேட்டே வாழ்கிறவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். நான் இரண்டு கூட்டத்திலும் இருக்கிறேன். தசைகள் பலமிழந்துகொண்டே போகும் நோய் எனக்கு. விரல்கள் அசையும், கை மடியை விட்டு எழாது. வடக்கனந்தலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, கள்ளக்குறிச்சியில் இருக்கும் காதர் பாயின் எலக்ட்ரிகல் கடைக்கு வேலை பார்க்கிறேன். வாயால் சொன்னதைக் கேட்டு லைட்டும் ஃபேனும் போடுகிற பேசும் டப்பாவை பாய் விற்கிறார். கடை ஆள் போய் மாட்டிவிட்டு வருவார். அதற்குப் பிறகு வரும் சந்தேகம், புகார், திட்டு எல்லாம் எனக்கு.

வேலைக்கு வந்த கதை

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பி.காம். பட்டமளிப்பு மேடைக்கு அப்பாவும் வகுப்புத் தோழர்களும் என்னை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். இறங்கிய பிறகு அந்தப் பட்டத்தை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இருந்த ஆசையோ அம்மாவைப் பற்றியது. எங்கள் தெருப் பெண்கள் மாத்தாளாக நடவுக்குப் போவார்கள்: இன்று உன் கழனியில் நான், நாளை என் கழனியில் நீ. ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்திலேயே அதிகம் சிரிக்கவைக்கிறவள் அம்மாதான். என் கை விழுந்ததிலிருந்து அவள் போவதில்லை. அவள் போகாததால் எங்கள் கழனிக்கும் மாத்தாள் வருவதில்லை. நடவுக்காரர்கள் தெருவில் பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டால் அம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவாள். அவளை ஒரு நாளாவது அனுப்பிவிட வேண்டும். அதற்கு நான் அரை நாளாவது தனியாக இருந்து காட்ட வேண்டும். அதற்காகத்தான் டப்பாவே வீட்டுக்கு வந்தது.

கூட வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. தப்பாகப் புரிந்துகொண்டுவிடுவேனோ என்ற பயத்தில் திரும்பத் திரும்பப் படித்தேன். கொஞ்ச நாளில், மாட்டிவிட்டுப் போன ஆளே மற்ற வீட்டுச் சந்தேகங்களை என்னிடம் கேட்க ஆரம்பித்தார். ஒருநாள் பாயே கூப்பிட்டு, கடைக்கு வேலை பார்க்கிறாயா என்றார். எனக்கு அனுபவம் இல்லை, ஆங்கிலம் சரளமாக வராது, கை தூக்க முடியாது என்று என்னை ஏன் வேலைக்கு எடுக்கக் கூடாது என்பதையெல்லாம் நானே வரிசையாகச் சொன்னேன். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கை நல்லா இருக்கறவன் சொன்னா வியாபாரத்துக்குச் சொல்றான்னு நெனைப்பாங்கம்மா. நீ சொன்னா, அந்தப் பொண்ணுக்கு நடக்குது, நமக்கும் நடக்கும்னு நம்புவாங்க. நாளைலேருந்து போன எடு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதவள்

களமருதூரில் லட்சுமி அக்கா. முடக்குவாதத்தில் விரல்கள் மடங்கிப் போனவர். "டப்பா பாதி நேரம் கேக்கவே மாட்டேங்குதும்மா" என்பது அவருடைய புகார். போனை வைக்காமல் ஒருமுறை சொல்லிப் பாருங்கள் என்றேன். எனக்கே சரியாகக் காதில் விழவில்லை. சாமி சன்னிதியில் வேண்டிக்கொள்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. "ஏங்கக்கா இவ்ளோ மெதுவா சொல்றீங்க?" என்று கேட்டேன். "பொண்ணு கொரல்ல பேசுது. யாரு பெத்த புள்ளையோ, கூப்ட்டுக் கூப்ட்டு வேல வாங்கறமேன்னு கூச்சமா கீது" என்றார்.

அது பெண் இல்லை, இயந்திரம் என்று விளக்கினேன். விளக்கும்போதே எனக்குச் சங்கடமாக இருந்தது. மூன்றாவது தடவை தண்ணீர் கேட்கும்போது என் குரலும் அப்படித்தான் இறங்கிப்போகும். உங்களுக்கும் இறங்கும், சொல்லுங்கள். சில நாள் கழித்து அக்காவே கூப்பிட்டார். குரல் கணீரென்று இருந்தது: "போடு, நிறுத்து, போடு, நிறுத்துன்னு வேணும்னே சொல்லிப் பாத்தேன்டி கண்ணு. சலிச்சிக்கவே இல்ல. மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காத ஆளு இந்த வூட்ல இது ஒண்ணுதான்."

டிராக்டர்

அதே அக்காவின் அடுத்த புகார், போன் போட்டால் வீட்டுக்காரருக்குப் போவதில்லை என்பது. பெயரைச் சொன்னால் டப்பா அவருக்குப் போன் போடும்படி கடை ஆள் அமைத்துக் கொடுத்திருந்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, வீட்டுக்காரர் பெயரை அக்கா வாயால் சொல்ல மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லையாம். அவரைக் கூப்பிட வேண்டியிருந்தால், எதிர்வீட்டுப் பெண் வருகிறவரை காத்திருந்து, அவளை உள்ளே கூப்பிட்டு, அவள் வாயால் பெயரைச் சொல்லவைத்திருக்கிறார். கையேட்டில் இதற்கெல்லாம் வழி போடவில்லை.

"வேற இன்னா பேரு வெக்கட்டும்க்கா?" என்றேன். நீண்ட யோசனைக்குப் பிறகு, "டிராக்டர்னு போடு. அதத்தான் ஓட்டறாரு" என்றார். அப்படியே மாற்றினேன். அன்று சாயங்காலமே அவர் கணவரிடமிருந்து போன். கோபமாகப் பேசப்போகிறார் என்று மன்னிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு எடுத்தேன். மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மனசுக்குள்ள எனக்கு இன்னா இன்னா பேரு வெச்சிருப்பாளோ. வண்டிப் பேரோட வுட்டாளேன்னு சந்தோஷம்மா."

பாறை மேல் நின்ற குரல்

கல்வராயன் மலையிலிருந்து கோவிந்தன் என்பவர் கூப்பிட்டார். மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன அண்ணனுக்காக டப்பா வாங்கிப் போயிருந்தார். கடை ஆள் மலைக்குப் போகவில்லை. அவரே மாட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பேச்சு நடுநடுவே அறுந்தது. "சத்தியமா ஊருக்குள்ள சிக்னல் இல்லீங்க. பாறை மேல ஏறி நின்னுக்கினுதான் பேசறேன்" என்றார். நெட் இல்லாமல் டப்பா ஊமை. அது அவர் வீட்டில் ஓடாது. ஆனால் அதைச் சொன்னால் பாயின் வியாபாரம் போகும், ஒருவேளை என் வேலையும் போகும். இரண்டையும் யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து அவர் "ஹலோ, ஹலோ" என்று கத்தினார்.

ஓடாது என்று சொல்லிவிட்டேன். அண்ணனுக்குக் கை நன்றாக இருக்கிறதே, ரிமோட்டில் ஓடுகிற ஃபேன் போதும், டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். பாயிடமும் நடந்ததைச் சொன்னேன். "மொதல்லயே கேட்டிருக்கணும், தப்பு நம்முளுது" என்று முடித்துவிட்டார். கோவிந்தன் எனக்கு நன்றி சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். "ஏம்மா, நீயும் இத நம்பித்தான் இருக்கறேன்னு கடையில சொன்னாங்க. ஒங்க வூட்ல நெட்டு போச்சுன்னா நீ இன்னா பண்ணுவ?"

ஒத்திகை

அந்தக் கேள்வியோடு சில நாள் சரியாகத் தூக்கமில்லை. பிறகு ஒவ்வொன்றாக அடைத்தேன். கரண்ட் போனால் ஓட பாய் கடையிலிருந்து ஒரு பழைய இன்வெர்ட்டர் வந்தது. நெட் போனாலும் ஆளைக் கூப்பிட, என் செல்போனே குரலுக்குக் கேட்கும்படி மாற்றி நாற்காலியின் கைப்பிடியில் பொருத்திக்கொண்டேன். வாய்க்கு எட்டும்படி நீளக் குழாய் வைத்த தண்ணீர் பாட்டில். மழை, இடி, மின்வாரியம் என்று என்னால் சந்தேகப்பட முடிந்த எல்லோரையும் சந்தேகப்பட்டு முடித்தேன்.

பக்கத்து வீட்டு வள்ளி அக்காவின் கழனியில் நடவு என்று சேதி வந்ததும் அம்மாவுக்கு ஒத்திகை காட்டினேன். தெருமுனை வரைக்கும் போ, நான் கூப்பிடும்வரை வராதே என்றேன். போனாள். ஃபேன் போட்டேன், லைட் போட்டேன், அவளுக்கே போன் போட்டு "எல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்றேன். உண்மையில் அவள் ஜன்னலுக்கு வெளியே சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். போன் மணி பக்கத்திலேயே அடித்தது. உள்ளே வந்து டப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். "எல்லாம் சரிதான்டி. ஒன்னுக்கு வந்தா இவளா ஒன்னத் தூக்கிக்கினு போவா?"

நடவு அன்று

அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில், காலையிலிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்வது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அம்மா வந்துவிடுவாள் என்று பேச்சு. விடிந்ததும் எனக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அம்மா கிளம்பினாள். அப்பா நாற்று முடிக் கட்டுகளைத் தூக்க முன்னாலேயே போயிருந்தார். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தெருவில் பெண்கள் "வாடி, வழி தெரிஞ்சிதா?" என்று கூச்சல் போட்டது கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெயில் ஏறியதும் சிமென்ட் ஷீட் கூரை கொதிக்க ஆரம்பித்தது. ஃபேன் போடச் சொன்னேன். டப்பா பேசவில்லை. மறுபடியும் சொன்னேன். அதன் விளக்கே எரியவில்லை. சுவரைப் பார்த்தேன். வீட்டை விட்டுக் கிளம்பினால் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுக் கிளம்புகிற கை அம்மாவுடையது. டி.வி., மிக்ஸி, அதோடு டப்பாவும் நெட் பெட்டியும் மாட்டியிருந்த சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆரோக்கியமான ஒருவர் எழுந்து போட்டுவிடுகிற சுவிட்ச். எனக்கு அது மலை உச்சியில் இருந்தது.

செல்போன் இருந்தது. "அம்மாவுக்குப் போன் போடு" என்று சொன்னால் போதும். சேற்றுக் காலோடு ஓடிவருவாள். ஆனால் அப்படி ஓடிவந்தால், இனி ஒருநாளும் போக மாட்டாள். அப்பாவைக் கூப்பிட்டாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். தெருவின் மற்றப் பெண்களும் கழனியில்தான் இருந்தார்கள். நான் கூப்பிடவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்க முடியவில்லை. நடுவில் ஒரு வாடிக்கையாளர் ஃபேன் சுற்றவில்லை என்று போன் செய்தார். முதலில் சுவிட்ச் போட்டிருக்கிறதா பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். பாட்டிலில் ஒரு வாய் உறிஞ்சினேன். பிறகு பயந்து நிறுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் சிலிண்டர் போடுகிறவர் வாசலில் வந்து நின்று போன் செய்தார். வீட்டுக்குப் பதிவான நம்பர் என்னுடையது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வாங்கண்ணே என்றேன். வந்தவர் என் முகத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு, சிலிண்டரை அங்கேயே இறக்கிவிட்டு நான் கண்ணால் காட்டிய சுவிட்சைப் போட்டார். டப்பா கண் விழித்தது. சொன்னேன், ஃபேன் சுற்றியது. மேலே ஒரு முறையும் சுவரை ஒரு முறையும் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "வாயாலயே எல்லாம் நடக்குதுன்னு ஊர்ல பேசிக்கிறாங்களே, சுவிட்சு மட்டும் ஆளு வந்து போடணுமா தங்கச்சி?"

மறுநாள் காலை

நடவு அன்று மதியமே அம்மா முழங்கால் வரை சேறும், கத்திக் கத்திக் கம்மிப்போன தொண்டையுமாக வந்தாள். என்னைப் பின்பக்கம் அழைத்துப் போகும்போதும், ஊட்டும்போதும் பேச்சு நிற்கவில்லை. யார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், யார் வரப்பில் வழுக்கி விழுந்தாள், இவள் என்ன சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். அவளை இப்படிப் பார்த்து எத்தனையோ காலமாகிறது. சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் நாளைக்கும் அதே கை அதே சுவிட்சை அணைக்கும். அவள் சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிட்டேன். "எனக்கு ஏன்டி போன் போடல?" என்றாள். "போட்டா நீ வந்துடுவியே" என்றேன். அவள் ஏற்கெனவே கழுவிய காலை வெளியே போய் இன்னொருமுறை கழுவினாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் வள்ளி அக்கா வாசலில் கூப்பிட்டார். அம்மா என்னைத் தயார் செய்து உட்காரவைத்துவிட்டு, சாமி மாடத்திலிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்து, ஆயுத பூஜைக்கு அரிவாளுக்கு வைப்பதுபோல அந்தச் சுவிட்சுக்குப் பொட்டு வைத்தாள். அணைக்காதே என்று எழுதி ஒட்டலாமே என்றேன். "எழுதினா எனக்குப் படிக்கவாடி தெரியும்? பொட்டு வெச்ச எடத்துல கை தானா நின்னுக்கும். நீ தண்ணிய வயிறு நெறைய குடி. நடுவுல ஒரு வாட்டி வந்து கூட்டிக்கினு போய்ட்டு, திரும்பி நடவுக்குப் போறேன். வரட்டா?"

இப்போது புதிதாக டப்பா வாங்குகிறவர்களுக்குக் கையேட்டில் இல்லாத முதல் பாடமாக, உங்கள் வீட்டில் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்புகிற கை யாருடையது என்று கண்டுபிடியுங்கள் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். இதுவரை ஒரு வீட்டிலும் அதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.